ட்ரோம்சோ இருட்டுக்காலம்: டிசம்பரில் வந்து இறங்குகிறவர்களுக்கு என்னென்ன வேணும்?

#1 புதுவரவு

வணக்கம். டிசம்பர் 1 வட நார்வேயில் இருக்கற ட்ரோம்சோவில் இறங்குகிறோம். பெரியவங்க ரெண்டு பேர், நாலு வயசுக் குழந்தை ஒண்ணு. இதுவரை வாங்கினது: மைனஸ் 25 தாங்கும்னு எழுதின ஜாக்கெட் மூணு, காட்டன் தெர்மல் ஆறு செட், தோல் பூட்ஸ், குரங்குக் குல்லா. விட்டமின் மாத்திரை, வெளிச்ச விளக்கு இதெல்லாம் உண்மையிலேயே வேணுமா, இல்லை விக்கிறவங்க கிளப்பி விட்டதா? சமையல் பக்கம் ஏதாவது இருந்தாலும் சொல்லுங்க.

#2 வடமுனைவாசி

தம்பியோ தங்கச்சியோ தெரியாது, வணக்கம். குளிருக்குப் பயந்து வாற எல்லாரும் எழுதிற பட்டியல் தான் இது. ட்ரோம்சோ வட அகலாங்கு 69.65 பாகையில இருந்தாலும் கடற்கரை ஊர். தெற்கிலயிருந்து வாற சூட்டு நீரோட்டம் துறைமுகத்தை உறைய விடாது. ஜனவரிச் சராசரி -4 அளவு தான். உங்கட ஜாக்கெட்டுக்கு உரிய குளிர் உள்நாட்டில, காராஷொக், கெளத்தகெய்னோ பக்கம் இருக்கு. 1886 ஜனவரி 1ல காராஷொக்கில -51.4 பதிவாகி, இண்டைக்கும் நோர்வே முழுக்க அது தான் சாதனை.

கரையோரத்தில ஆபத்து பூச்சியத்தைச் சுத்தித் தான். இண்டைக்கு +3, மழை. நாளைக்கு -5. நேத்துப் பெய்த மழை முழுக்க றோட்டில கண்ணாடியாக் கிடக்கும். தோல் அடி வைச்ச பூட்ஸ் அதில ஒரு நிமிசமும் நிக்காது.

இருட்டுக் கணக்கு: நவம்பர் 27 தொடக்கம் ஜனவரி 15 வரை சூரியன் அடிவானத்துக்கு மேல வராது. ஏழு கிழமை. இஞ்ச அதை மொர்கெதீட் எண்டு சொல்லுவினம். அதுக்காக 24 மணித்தியாலமும் கும்மிருட்டு எண்டு நினைக்காதேங்கோ. மார்கழி நடுப்பகுதியிலகூட காலை ஒன்பதரையிலயிருந்து ரெண்டு மணிக்குக் கொஞ்சம் முன்வரை நீல வெளிச்சம் இருக்கும். விளக்கில்லாமல் வழி தெரியும். மார்கழிப் பூரணை நிலா நாள்க்கணக்கா மறையாமல் வானத்தைச் சுத்தி வரும், முகில் விட்டால்.

#3 ஊசிச்சப்பாத்து

வந்து இறங்கின அண்டைக்கே வாங்க வேண்டியது ப்ரொட்டர். சப்பாத்துக்கு அடியில மாட்டிற இரும்பு முள். மருந்துக்கடை, விளையாட்டுச் சாமான் கடை எல்லா இடமும் இருக்கு. ரெண்டு வகை. முன்பாதத்துக்கு மட்டும் போடுறது மலிவு, ஆனால் வழுக்கிறது அனேகமா குதிக்கால் முதலில படேக்க தான். குதிக்காலிலயும் முள் இருக்கிறதை எடுங்கோ. ரப்பர் வளையம் தளர்வா இருந்தால் நடக்கேக்க கழண்டு விழும். கையால இழுத்து மாட்டக் கொஞ்சம் கஸ்டப்பட வேணும், அது தான் சரியான அளவு.

கடைக்குள்ள போகேக்க கழட்டுங்கோ. ஐஸில பிடிக்கிற அதே முள், ஓடு பதிச்ச தரையில சறுக்கும். முனை மழுங்கினால் மாத்த வேண்டியது தான்.

ஐஸ் எப்ப மோசம் எண்டால், பூச்சியத்துக்குக் கிட்ட, மேல மெல்லிசாத் தண்ணி நிக்கேக்க. -15ல அதே ஐஸ் சப்பாத்தைக் கொஞ்சம் பிடிக்கும். அதனால வெப்பமானி ஏறுது எண்டு சந்தோசப்படுற நாள் தான் முள் போட வேண்டிய நாள். உப்பு -8க்குக் கீழ பெரிசா வேலை செய்யாது, அதனால நடைபாதைக்கு மண் போடுவினம். சும்மா போட்ட மண் காத்துக்கும் வாகனத்துக்கும் ஓரமா ஒதுங்கிப் போகும். சில இடங்களில மண்ணைக் கொதிதண்ணியில கலந்து தூவுறவை. சூடு ஐஸை உருக்கி மண்ணைத் தனக்குள்ள இறக்கி, திரும்ப உறைஞ்சு, உப்புத்தாள் மாதிரி நிக்கும்.

நடை: சின்ன அடி, பாதம் முழுக்கப் பட வைக்கிறது, பாரம் முன்காலில, கை பொக்கெற்றுக்குள்ள இல்லை. விழுந்தால் பிடிக்கக் கை வேணும்.

வயசான ஆக்கள் ஸ்பார்க் தள்ளிக் கொண்டு போறதைக் காணுவீங்கள். கதிரை மாதிரி ஒண்டுக்குக் கீழ ரெண்டு நீள இரும்புப் பட்டம். ஒரு காலைப் பட்டத்தில வைச்சு மற்றக் காலால உதைக்கிறது. கதிரையில கடைச் சாமானோ பிள்ளையோ. இறுகின ஸ்னோவில அருமையா ஓடும். மண் போட்ட இடத்தில கிறீச்செண்டு நிண்டு ஆளை முன்னுக்குத் தள்ளிவிடும், கவனம்.

#4 மூணடுக்கு

காட்டன் தெர்மலைத் திருப்பிக் கொடுக்க முடிஞ்சா கொடுத்துடுங்க. காட்டன் வேர்வையைக் குடிச்சுட்டு தோல் மேலயே ஈரமா ஒட்டிக்கும். மேடு ஏறி பஸ் ஸ்டாப்பில் நின்னதும் முதுகு ஜில்லிடும். கம்பளி தன் எடையில் மூணில் ஒரு பங்கு அளவு ஈரத்தை உள்ளே வாங்கினாலும் தொட்டா ஈரமாத் தெரியாது. உள்ளே மெரினோங்கிற மெல்லிசுக் கம்பளி, நடுவில் ஃப்ளீஸ் இல்லைன்னா தடிச்ச கம்பளி, வெளியே காத்தும் மழையும் புகாத மேலுடை. ஆளுக்கு மெரினோ ரெண்டு செட் போதும். தினம் துவைக்க வேண்டாம், ராத்திரி காத்தாட மாட்டினா வாடை போயிடும். துவைக்கும்போது கம்பளி சோப்பு, 30 டிகிரி. சாதாரண சோப்புத்தூளும் சூடும் சேர்ந்தா குழந்தைக்கு வாங்கினது பொம்மைக்குத்தான் ஆகும்.

பூட்ஸ் ஒரு சைஸ் பெரிசா இருக்கணும். இருக்கிற பூட்ஸுக்குள்ள ரெண்டு சாக்ஸைத் திணிச்சா ரத்த ஓட்டம் நின்னு விரல் இன்னும் சீக்கிரம் விறைக்கும்.

குழந்தைக்கு: பார்னஹாகென்னு சொல்ற பாலர் பள்ளியில் மழையோ பனியோ தினமும் வெளியே விடுவாங்க. தலை தவிர உடம்பு முழுக்க மூடற பார்க்ட்ரெஸ் ஒண்ணு, கையுறை மூணு ஜோடி, ரெண்டு பள்ளியிலயே கிடக்கட்டும். எல்லாத்திலும் பேர் ஒட்டணும், எல்லாக் குழந்தைக்கும் ஒரே கடைச் சரக்குதான். மஃப்ளர் வேண்டாம், சறுக்குமரத்தில் மாட்டிக் கழுத்தை இறுக்கும். குழாய் மாதிரி தலை வழியா மாட்டற கழுத்துறை வாங்குங்க. கார் சீட்டில் பார்க்ட்ரெஸ்ஸோட கட்டாதீங்க. பெல்ட் இறுக்கமா இருக்கற மாதிரித் தெரியும், மோதினா துணி அமுங்கி பெல்ட் தளர்ந்துடும். கழட்டிட்டுக் கட்டி, மேலே போர்வை.

ரிஃப்லெக்ஸ், அதாவது ஒளி திருப்பற பட்டை. கார் விளக்கு தாழ்வா இருக்கும்போது கறுப்புக் கோட்டுக்காரர் டிரைவர் கண்ணில் படறது 25, 30 மீட்டர் தூரத்தில். பட்டை இருந்தா 140 மீட்டர் கிட்ட. தொங்கற மாதிரி, முழங்கால் உயரத்தில், ரெண்டு பக்கமும். தாழ்விளக்கு அங்கேதான் விழும். முதுகுப்பையில் மட்டும் ஒட்டினா எதிரே வர்றவருக்கு நீங்க இல்லை.

#5 புதுவரவு

ரொம்ப நன்றி. தங்கச்சிதான் அண்ணா. தெர்மல் திரும்பப் போகுது. விளக்கு பத்தி யாராவது?

#6 லக்ஸ்மீட்டர்

வேணும். ஆனா சரியா வாங்கி சரியா உட்கார்ந்தா மட்டும்.

பருவகால மனச்சோர்வை நார்மன் ரோசந்தால் குழு மருத்துவ இதழில் விவரிச்சது 1984ல். அதில் தொடங்கி நிலைச்ச முறை: 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கற அலகு), காலையில் 30 நிமிஷம், எழுந்த ஒரு மணி நேரத்துக்குள்ள. பெட்டியில் 10,000னு பெரிசா எழுதி, கீழே பொடி எழுத்தில் '20 செ.மீ. தூரத்தில்'னு போட்டிருப்பாங்க. அந்தப் பொடி எழுத்துதான் முக்கியம். சின்ன விளக்கை 20 செ.மீ.யில் முகத்தோட ஒட்டி வெச்சு யாரும் அரை மணி உட்கார மாட்டாங்க. தூரம் ரெட்டிச்சா வெளிச்சம் ஏறக்குறைய கால் பங்கு. பெரிய பலகை விளக்கா, 30 செ.மீ.க்கு மேலயும் 10,000 தர்றதா, புற ஊதா வடிகட்டினதா பாருங்க. நேரா முறைச்சுப் பார்க்க வேண்டாம். கொஞ்சம் பக்கவாட்டில் வெச்சு, கண் திறந்து, காப்பி குடிச்சுக்கிட்டோ படிச்சுக்கிட்டோ இருந்தாப் போதும்.

பலன் இல்லைன்னு சொல்றவங்களில் பாதிப் பேர் சாயங்காலம் போட்டிருப்பாங்க. அது தூக்கத்தைத் தள்ளிப் போடும், மறுநாள் காலை இன்னும் மோசம். விழித்திரைக் கோளாறு, இருதுருவ மனநோய், வெளிச்சத்துக்குத் தோல் கூசற மருந்து, இதில் ஏதாவது இருந்தா முதலில் டாக்டர்.

#7 உச்சிநடை

விளக்குக் கம்பனிக்காரர் சந்தோசப்படுவினம். மத்தியானம் 12 மணிக்கு அரை மணித்தியாலம் வெளியில நடந்தால் காணும். இயற்கை வெளிச்சத்துக்கு ஈடு இல்லை. மனம் தான் பிரச்சினை. கேரி லைபோவிட்ஸ் எண்ட அமெரிக்க ஆய்வாளர் ட்ரோம்சோவில இருந்து செய்து 2020ல வந்த ஆய்வில, வடக்கே போகப் போக ஆக்கள் குளிர்காலத்தை நல்லாவே பார்க்கினம் எண்டு தான் வந்தது. ஒஸ்லோவை விட ட்ரோம்சோ, அதை விட இன்னும் வடக்கே இருக்கிற ஸ்வால்பார்ட் தீவுகள்.

#8 லக்ஸ்மீட்டர்

அண்ணே, ஆய்வு சரி. நடையும் சரி. 'இயற்கை வெளிச்சம்'கிறதை மட்டும் ஊர் பார்த்துச் சொல்லணும்.

டிசம்பர் 21 ஒஸ்லோவில் நண்பகல் சூரியன் ஆறு பாகைக்கு மேல நிக்கும். மேகம் மூடினாலும் ஆயிரம் லக்ஸ் கிட்ட வரும். அங்கே உங்க அரை மணி நடை செல்லும். அதே நாள் ட்ரோம்சோவில் சூரியன் அடிவானத்துக்கு மூணு பாகை கீழே. அந்த நீல வெளிச்சம் கண்ணுக்குத்தான் அழகு, அளந்தா சில பத்து லக்ஸ். ஆபீஸ் மேசையில் 300 முதல் 500 இருக்கும். அதாவது டிசம்பரில் வெளியே போறவர் உள்ளே இருக்கறவரை விடக் குறைஞ்ச வெளிச்சத்துக்குப் போறார். அக்டோபரிலும் பிப்ரவரியிலும் உங்க வழி, நடுவில் ஏழு வாரம் விளக்கு.

#9 உச்சிநடை

சில பத்து எண்டு நினைக்கேல்லை. சரி, மார்கழிக்கு விட்டுத் தாறன். ஆனால் நடையை நிப்பாட்டாதேங்கோ. பகலில உடம்பு அசையாட்டி இரவில நித்திரை வராது, விளக்கு எவ்வளவு போட்டாலும்.

#10 வார்டோக்காரி

12 மணி எண்டு எல்லாருக்கும் பொதுவாச் சொல்லாதேங்கோ அண்ணை. நோர்வே முழுக்க ஒரே மணிக்கூடு, ஆனால் வார்டோ 31 பாகை கிழக்கில, இஸ்தான்புலுக்கும் கிழக்கால இருக்கு. மார்கழியில இஞ்ச வெளிச்சத்தின்ர உச்சி காலை 10:53க்கு. நீல வெளிச்சம் ஒன்பது மணிக்கு வந்து ஒரு மணிக்கு முன்னம் போயிடும். 12 மணிக்குச் சாப்பிட்டு வெளிக்கிட்டால் கையில டோர்ச் வேணும். ட்ரோம்சோவில உச்சி 11:42. வேலை இடத்தில இடைவேளையை முன்னுக்கு மாத்தித் தரச் சொல்லிக் கேக்கலாம், வழமையான கேள்வி தான்.

வார்டோ இருக்கிற ஃபின்மார்க் மாகாணத்து மீன் ஆலைகளில எண்பதுகளிலயிருந்து எங்கட ஆக்கள் வேலை செய்த இடங்களில சிப்ற் நேரம் தான் முழு இருட்டு உணர்வுக்கும் காரணம். விடியல் சிப்ற் ஆள் உள்ளுக்கு நிக்கேக்க வெளிச்சம் வந்து போயிடும். அப்பிடி எண்டால் விளக்கை எழும்பின உடன போட வேணும், இடைவேளையில இல்லை.

இன்னொண்டு, யன்னல் திரையைச் சாத்தாதேங்கோ. இஞ்ச எல்லா வீட்டு யன்னலிலயும் ஒரு சின்ன லாம்பு எரியும். நத்தாருக்கு நாலு கிழமைக்கு முதல் ஞாயிறிலயிருந்து நட்சத்திரமும் ஏழு மெழுகுதிரி மாதிரி மின்விளக்கும் வைப்பினம். எங்கட கார்த்திகை விளக்கீடும் அந்த நாள்களை அண்டித் தான் வரும். ரெண்டையும் ஒரே யன்னலில வைக்கலாம், ஒருத்தரும் வித்தியாசம் கேக்க மாட்டினம். உண்மை நெருப்பு எண்டால் மட்டும் திரைக்குக் கிட்ட வேண்டாம்.

#11 மருந்துக்கடை

விட்டமின் டி பற்றி. இந்த அகலாங்கில இலையுதிர் காலத்திலயிருந்து பங்குனி வரை வெயிலால தோலில டி உண்டாகாது. சூரியன் அவ்வளவு தாழ்வு. எங்கட நிறத்துத் தோலுக்குக் கோடையிலயும் கூட நேரம் வேணும். நோர்வே பரிந்துரை ஒரு நாளைக்கு 10 மைக்ரோகிராம், 75 வயசுக்கு மேல 20. த்ரான் எண்ட மீன் ஈரல் எண்ணெய் 5 மி.லி. ஒரு கரண்டியில அந்த 10 இருக்கு. பேரில 'ஆர்' எழுத்து வாற மாதங்களில குடிக்க வேணும் எண்டது இஞ்சத்தைப் பழமொழி: செப்ரெம்பர் தொடக்கம் ஏப்ரல்.

பிழை விடுற இடம்: த்ரானில விட்டமின் ஏயும் இருக்கு. டி காணாது எண்டு நாலு கரண்டி குடிச்சால் ஏ கூடிப் போகும். டி கூட வேணும் எண்டால் தனி டி குளிசை. த்ரான் குடிக்கிற பிள்ளைக்கு மேலால மல்ரிவிட்டமினும் குடுக்காதேங்கோ. போத்தல் திறந்தால் குளிர்ப்பெட்டிக்குள்ள. சைவ ஆக்கள் பெட்டியைப் பார்த்து வாங்குங்கோ, கனக்க டி3 ஆட்டுமயிர்க் கொழுப்பில எடுக்கிறது. கற்பாசியில எடுத்த சொட்டு மருந்தும் இருக்கு.

#12 அடுப்படி

சமையல் கேட்ட தங்கச்சிக்கு.

மாவு புளிக்கேல்லை எண்டது தான் முதல் கிழமை அழுகையா இருக்கும். அரிசி நாலு, உழுந்து ஒண்டு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. ஊறப்போடுறது சுடுதண்ணியில இல்லை, ஆனால் அரைக்கேக்க விடுற தண்ணி இளஞ்சூடா இருக்கட்டும். 'ஓவன் லைற்றைப் போட்டு உள்ளுக்கு வையுங்கோ' எண்டு எல்லாரும் சொல்லுவினம். பழைய ஓவனில பல்ப் சூடாகும், 28, 30 பாகை வரும். புது ஓவனில இருக்கிறது எல்ஈடி, இரவு முழுக்க எரிஞ்சாலும் சூடு இல்லை. உள்ளுக்கு ஒரு வெப்பமானி வைச்சுப் பாருங்கோ. எல்ஈடி எண்டால் பாண் மா பொங்க வைக்கிற 30 பாகை நிலை அனேகமா எல்லா ஓவனிலயும் இருக்கு, அதைப் போடுங்கோ. 10, 12 மணித்தியாலம் காணும். 40க்குப் போக விடாதேங்கோ, பொங்க முதல் புளிச்சுப் போகும். சட்டியில பாதிக்கு மேல ஊத்தினால் கீழ ஒரு தட்டம் வையுங்கோ. ஓவன் கழுவுறது அதை விடக் கஸ்டம்.

கறிவேப்பிலை: கடையிலயிருந்து வீட்டுக்கு -10ல வெறுமையாக் கொண்டு வந்தால் இலை முழுக்கக் கறுத்துக் கொட்டும். கடதாசியால ரெண்டு சுத்து, அதுக்கு மேல பை. வீட்டில யன்னலடி தான் நல்ல இடம் எண்டு நினைக்கிறது பிழை. அதுக்கு நேர கீழ சுவர் ஹீட்டர் இருக்கும். இலைக்குக் கண்ணாடிக் குளிர், வேருக்கு வரட்சி. உள்சுவர்ப் பக்கம் வைச்சு, எல்ஈடி செடி விளக்கு நாளுக்கு 12 மணித்தியாலம், டைமரில. மேல் மண் ரெண்டு அங்குலம் காஞ்சால் மட்டும் தண்ணி. இருட்டில அது வளராது, குடிக்கவும் மாட்டுது. செத்த கறிவேப்பிலையில முக்கால்வாசி தண்ணி கூடிச் செத்தது. உரம் பங்குனியில.

காத்து வரட்சி: வெளியில -10 காத்து முழு ஈரமா இருந்தாலும் வீட்டில 21க்குச் சூடாகேக்க ஈரப்பதன் 11 சதவீதம் அளவுக்கு இறங்கும். உதடு வெடிக்கிறது, கதவுப் பிடியில ஷொக் அடிக்கிறது அதால. ஆனால் சோறு, பருப்பு, குழம்பு எண்டு மூண்டு அடுப்பில கொதிக்க, உடுப்பும் உள்ளுக்குக் காய, ஈரம் போய்க் குளிர் மூலையில தான் படியும். அலுமாரிக்குப் பின்னால பூஞ்சணம் அப்பிடித் தான். அலுமாரியை வெளிச்சுவரிலயிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கோ. யன்னலை நாள் முழுக்க நீக்கலாக விடாமல், எதிரெதிர் ரெண்டை அகலத் திறந்து அஞ்சு நிமிசம், பிறகு சாத்துங்கோ. ஈரக் காத்துப் போகும், சுவரின்ர சூடு நிக்கும்.

#13 டீசல்

கார் வாங்கினா சுருக்கமா: ஆணி டயர் நூர்லாண்ட், ட்ரோம்ஸ், ஃபின்மார்க்கில் அக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை. குளிர்கால டயர் பள்ளம் குறைஞ்சது 3 மி.மீ. கதவு ரப்பரில் சிலிக்கான் தடவலைன்னா மழைக்கு அடுத்த நாள் கதவோட ரப்பரும் கையோட வரும். எஞ்சின் ஹீட்டர் ராத்திரி முழுக்க வேண்டாம், -10ல் ரெண்டு மணி நேரம், டைமரில். எலக்ட்ரிக் காருன்னா சார்ஜர் செருகி இருக்கும்போதே உள்ளே சூடாக்குங்க.

#14 புதுவரவு

எல்லாருக்கும் நன்றி, குறிச்சுக்கிட்டேன். கடைசியா ஒண்ணு. பொங்கல் அன்னிக்கு சூரியன் இருக்குமா? வெளியே பொங்க வைக்க முடியுமா? கேம்பிங் அடுப்பு ஒண்ணு கையில் இருக்கு.

#15 வடமுனைவாசி

நல்ல கேள்வி. மொர்கெதீட் முடியிற நாள் ஜனவரி 15. பொங்கல் 14 அல்லது 15. கணக்கின்படி சூரியன் திரும்பி வாற நாளும் சூரியப் பொங்கலும் ஒண்டு. ஆனால் தெற்கில மலை நிக்கிறதால ஊருக்குள்ள கண்ணால காணுறது 21 அளவில. அண்டைக்கு ஊர் முழுக்க சூல்பொல்லெ, சூரியப் பணியாரம் எண்டு சொல்லலாம், பொரிச்ச பாண் உருண்டைக்குள்ள ஜாம், வாங்கிச் சாப்பிடும்.

#16 வார்டோக்காரி

இஞ்ச முழு வட்டமும் தெரியிற நாள் கோட்டையில பீரங்கி வெடிப்பினம், பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு லீவு. பொங்கல் வெடிக்கு ஒரு கிழமை பிந்தி அரசாங்கச் செலவில ஒண்டு.

#17 அடுப்படி

தங்கச்சி, அடுப்பு என்ன வாயு? சின்னத் தகர உருளையில பியூட்டேன் எண்டு எழுதியிருந்தால் வெளியில எரியாது. பியூட்டேன் -0.5 பாகையில தான் வாயுவா மாறும், அதுக்குக் கீழ உருளைக்குள்ள திரவமாவே கிடக்கும். குலுக்கினால் சத்தம் கேக்கும், சுவாலை வராது. உருளையை வீட்டுக்குள்ள சூடாக்கிக் கொண்டு போனாலும் பால் பொங்க முதல் ஆறிப் போகும். புரொப்பேன் -42 வரை வேலை செய்யும். பெரிய சிலிண்டரும் வளைய அடுப்பும் வாடகைக்கும் எடுக்கலாம். கண்ணாடிநார்ச் சிலிண்டர் எண்டால் வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார்த்தால் உள்ளுக்கு எவ்வளவு எண்டும் தெரியும். குளிர் எண்டு அடுப்பைத் தாழ்வாரக் கூடாரத்துக்குள்ளயோ பல்கனிக் கண்ணாடிக்குள்ளயோ கொண்டு போகாதேங்கோ, நச்சுவாயு மணக்காது.

காத்துத்தான் பெரிய எதிரி. மூண்டு பக்கமும் தகரம் மறையுங்கோ, சிலிண்டர் மறைப்புக்கு வெளியில நிக்கட்டும். பானை சின்னனா, மூணு லீற்றர். பாலை உள்ளுக்கு ஒருக்காச் சுட வைச்சு வெளியில கொண்டு வாங்கோ. தெற்குப் பக்கம் பார்த்து, 11:50க்குப் பொங்கிற மாதிரி. அந்த நேரம் தெற்கு வானம் நல்லாச் சிவந்திருக்கும்.

அடுப்பை நேர ஸ்னோவில வைக்காதேங்கோ. அடி உருகி, பானை ஒரு பக்கம் சரிஞ்சு, பொங்க முதல் ஊத்துப்படும். கீழ ஒரு தடிச்ச பலகை.

#18 புதுவரவு

பியூட்டேன்தான் அக்கா. பலகையும் புரொப்பேனும் பட்டியலில் சேர்த்தாச்சு.